நைனாவின் காலுக்கு வந்த பங்கு

நைனா என்று நாங்கள் கூப்பிட்ட எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், படகேறியும் பஸ் ஏறியும் பசியாவரத்துக்கு வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கும், நைனாவோடு பட்டாளத்தில் இருந்த நண்பர்களுக்கும் என் வணக்கம்.

இந்த நினைவு மலருக்கு எழுத வேண்டியவள் என் தங்கை. அவள் பொன்னேரியில் டீச்சர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். லாரி, இறால் கம்பெனி, மங்களூர் விசைப்படகு, சூரத்தில் துணி ஆலை என்று சுற்றியவன். எங்கேயும் சேர்ந்தாற்போல் ஒரு வருடம் இருந்ததில்லை. "நைனா பென்சனுக்கு அலைஞ்சப்போ கூட இருந்தது நீதானேண்ணா? அத நீதான் எழுதணும். எழுத்துப் பிழைய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். பிழை எதுவும் கண்ணில் பட்டால் அவளைக் கேளுங்கள்.

நைனா பிறந்ததும் பழவேற்காடு ஏரித் தீவான இதே பசியாவரத்தில்தான். மூன்று பிள்ளைகளில் நடுப்பிள்ளை. தாத்தா முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்தபோது நைனாவுக்குப் பதினோரு வயது. பெரியப்பா கடலுக்குப் போனார், நைனா பள்ளிக்கூடம் போனார். தினமும் படகில் ஏரியைக் கடந்து பழவேற்காட்டில் பத்தாவது வரை படித்தார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெரியப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். செருப்பு பெரிது. ஓட்டப்பந்தயத்தில் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடித் தேறினார்.

மலை என்ற ஒன்றை அதற்குப் பிறகுதான் பார்த்தார். "பெரிய அலை ஒண்ணு எழும்பி, அப்படியே நின்னுட்ட மாதிரி இருந்துச்சு. எப்போ விழும்னு பாத்துக்கினே இருந்தேன்" என்பார்.

வேலையில் சேர்ந்த ஏழாவது வருடம் நான் பிறந்தேன். என்னைப் பார்க்க லீவில் வந்தவர், இருபது நாள் என்னைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு கூட்டாளிகளுக்கு ஒரு பை கருவாடு கட்டிக்கொண்டு கிளம்பினார். ரயிலடியிலிருந்து முகாமுக்கு அவரை ஏற்றிப் போன பட்டாள லாரி பனியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. லாரியை ஓட்டியவர் இன்று இங்கே வந்திருக்கும் ஆர்க்காட்டு மாமா. அவருக்கு இரண்டு விரல் போனது. நைனாவுக்கு இடது முழங்கால் நொறுங்கியது. காலை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் அது அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. என் வயதும் அந்தக் காலின் வயதும் ஒன்று.

பட்டாளம் அவரை அனுப்பிவிடவில்லை. ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். பதினேழு வருடம் முடித்துப் பென்சனோடு ஊர் திரும்பினார். கிளம்பும்போது மருத்துவக் குழு முன்னால் நிறுத்தி, ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். நைனா விறைப்பாக நின்று, "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. காயம் பட்டபோது அவர் பணியில் இல்லை, லீவில் போய் வந்த பயணத்தில் இருந்தார். ஆகையால் ஊனத்துக்கென்று ஒன்றும் தருவதற்கில்லை என்று அதில் இருந்தது. நைனா அதை மடித்து இரும்புப் பெட்டியில் வைத்தார். அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஏன் பேசவில்லை என்பது வெளியூர் நண்பர்களுக்குப் புரிய, எங்கள் ஏரியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே இறால் வலை போடும் இடங்களை ஊரே முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒரு குடும்பத் தலைவருக்கு ஒரு பாடு. அவர் முறை வரும் நாளில் அவர் வலை போடலாம். இன்னொருவர் முறையில் கை வைத்தால் ஊர்க்கூட்டத்தில் தலைகுனிந்து நிற்க வேண்டும். நைனா ஊர் திரும்பியதும் அவருக்கும் ஒரு பாடு ஒதுக்கக் கூப்பிட்டார்கள். நைனா கும்பிட்டுச் சொன்னார்: "எனக்குச் சர்க்காரே ஒரு பாடு குடுத்துடுச்சு. மாசாமாசம் வருது. என் முறைய வேற வீட்டுக்குக் குடுங்க." அது ஆறு வாய்க்குச் சோறு போட வேண்டிய ஒரு வீட்டுக்குப் போனது.

அம்மா கூடையில் மீன் சுமந்து காட்டூர் வரைக்கும் விற்றார். புயலில் ஒரு முறை கூரை போனது, மறுபடி போட்டோம். நான் படிப்பை விட்டதற்கு வறுமையைக் காரணம் சொல்ல மாட்டேன். எனக்கு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். நைனா காலை நீட்டி உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு எழுதினார். சாதிச் சான்றிதழ், விதவைப் பென்சன், மீன்பிடித் தடைக்கால உதவி, எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்துதான். தனக்காக ஒரு வரி எழுதவில்லை.

தங்கை கல்யாணத்துக்கு ஆர்க்காட்டு மாமா வந்தார். பந்தியில் நைனா பக்கத்தில் உட்கார்ந்து, பட்டாளத்தில் கூப்பிட்ட பெயரிலேயே ஆரம்பித்தார்.

"டேய் பழவேற்காடு, உனக்கு ரெண்டும் வருதில்ல?"

"இன்னா ரெண்டு?"

"சர்வீசுக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணு. எனக்கு ரெண்டு வெரலுக்கே வருது. உனக்கு முழுக் காலாச்சேடா."

"ஒண்ணு வருது, போதும். ஒரு ஆளுக்கு ஒரு பாடுதான்."

"பட்டாளத்துல ஏதுடா பாடு? தம்பி, நீ பாயசத்த ஊத்து, இவன் கெடக்கறான்."

பிறகு நைனா அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். மாமா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "லீவு முடிஞ்சு ட்யூட்டிக்குத் திரும்பி வர்ற பயணமும் ட்யூட்டிதான்டா. பட்டாள லாரில, நான் ஓட்டுன வண்டில, நீ இன்னா டூரா வந்த? அப்பீல் போடு. நான் வந்து சாட்சி சொல்றேன்."

எதிர்ப்பந்தியில் இருந்த ஒருவர், "வேணாம்பா, கெளறினா இருக்கற பென்சனையும் நிறுத்திடுவான்" என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நைனாவும் ஆட்டினார். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அம்மா கல்யாணப் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தார். நைனா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏய்யா, உன் தம்பி படகு கரைக்கு வந்தா பங்கு எப்படிப் பிரிக்கிறாங்க?" என்று கேட்டார் அம்மா.

"இது தெரியாதா உனக்கு? ஆளுக்கு ஒண்ணு. படகுக்கு ஒண்ணு. வலைக்கு ஒண்ணு."

"ஒருத்தன் வலையும் குடுத்து, ஆளாவும் போறான். அவனுக்கு?"

"ரெண்டு."

"அவன எவனாச்சும் திருடன்னு சொல்றானா?"

அம்மா துலக்கிய அண்டாவைக் கவிழ்த்து வைத்தார்.

"பதினேழு வருசம் வேல செஞ்ச. அது ஆளுக்கு வந்த பங்கு. கால அந்த மலையிலயே வுட்டுட்டு வந்தியே, அது வலை. பாடு ஒண்ணுதான்யா. அதுலதான் ரெண்டு பங்கும். ஊருக்கெல்லாம் மனு எழுதத் தெரியுது, இது தெரியல உனக்கு. நல்ல மன்சன்யா நீ."

நைனா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். பிறகு என்னிடம், "அந்தப் பொட்டிய எறக்குடா" என்றார்.

பெட்டியில் கடிதம் இருந்தது. அதற்கு அடியில் லீவுச் சீட்டும் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. இத்தனை வருடமாக யாரும் கேட்கவில்லை. லீவு முடிகிற தேதி அதில் தெளிவாக இருந்தது. விபத்து நடந்ததும் அதே நாள்தான்.

நான் அந்த வாரம் குஜராத் கிளம்ப வேண்டியவன். கிளம்பவில்லை. மனுவை நைனாவே எழுதினார், தனக்காக எழுதிய முதல் மனு. மாமா சாட்சிக் கடிதம் கொடுத்தார். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இருந்த ஓர் அம்மா, எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள் என்று பொறுமையாக அடுக்கிக் கொடுத்தார். போய்வருவது சிரமம்தான். படகிலிருந்து இறங்கும்போது ஊன்றுகோல் சேற்றில் இறங்கிக்கொள்ளும். நான் முதலில் கோலைப் பிடுங்குவேன், பிறகு நைனாவை. முதல் பதில் வர எட்டு மாதம் ஆனது. மறுபடி மருத்துவக் குழு முன்னால் வரச் சொல்லியிருந்தார்கள்.

எல்லாம் இப்போது நைனாவின் வாயில் இருந்தது. 'நல்லா இருக்கேன் சார்' என்று இன்னொரு முறை சொன்னால் முடிந்தது. அம்மாவுக்கு அதுதான் பயம். கிளம்பும்போது, "பொய் சொல்லச் சொல்லல. உண்மைய முழுசா சொல்லு" என்று படகுவரை வந்து சொன்னார்.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். "காலை மடக்குங்க" என்றார்.

"மடங்காது சார்."

"எவ்ளோ வருசமா?"

நைனா என்னைக் காட்டினார். "இவன் பொறந்ததிலேர்ந்து."

"வலி இருக்கா?"

நைனா விறைப்பாக நிமிர்ந்தார். அந்த நிமிர்வைப் பார்த்ததும் போச்சு என்று நினைத்தேன். அவர் சொல்ல வாயெடுத்தார், நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வலி பழகிப்போச்சு சார். ஆனா தண்ணியில எறங்க முடியல. நான் ஏரிக்காரன். ஊர்ல எல்லாரும் எறங்குறாங்க, நான் கரையில நிக்கிறேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு நிறைய எழுதினார்.

உத்தரவு வந்த அன்று அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னார். பணிக்கான பென்சன் ஒரு வரி. ஊனத்துக்கான பகுதி அடுத்த வரி. முதல் வரி ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பழைய வருடங்கள் முழுவதற்கும் பாக்கிப் பணம் கிடைக்கவில்லை, ஒரு பகுதிக்குத்தான் கிடைத்தது. அதில் நைனா ஒரு புது வலை வாங்கிச் சித்தப்பா படகில் கொடுத்தார். "காலுக்கு வந்தது, வலையாவே போவட்டும்" என்றார். அன்றிலிருந்து வலைப்பங்கு எங்கள் வீட்டுக்கு மீனாக வந்தது. படகு திரும்பும் நேரத்தில் நைனா வீட்டிலிருந்தே குரல் கொடுப்பார்: "கால் வந்துச்சா?" சித்தப்பா கரையிலிருந்து, "வந்துச்சு, இன்னைக்கு நண்டோட வந்துகீது!" என்பார். நைனாவை நான் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் பார்த்ததில்லை.

அதன் பிறகு சுண்ணாம்புக்குளத்திலிருந்தும் காட்டூரிலிருந்தும் பழைய பட்டாளத்துக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களிடம் நைனா சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். உழைத்த வருடங்களுக்கு வருவது வேறு, பணியால் வந்த ஊனத்துக்கு வருவது வேறு. ஒன்றைக் கேட்டால் இன்னொன்று போகாது. ஒரு முறை மறுத்தால் அதோடு விடாமல் அப்பீல் போடுங்கள். எந்தச் சீட்டையும் கிழித்துப் போடாதீர்கள். டாக்டர் கேட்டால் சல்யூட் அடிக்காமல் பதில் சொல்லுங்கள்.

கடைசி இரண்டு வருடம் இருதயம் பலவீனமானது. படுத்த படுக்கையாகக் கிடந்து யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. ஒரு முற்பகலில், சாப்பிட்டு முடித்து, ஏரியைப் பார்த்த கட்டிலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரோடு ஊனத்துக்கான பகுதி நின்றது. அம்மாவுக்குக் குடும்பப் பென்சன் வருகிறது. "காலுக்கு வந்தது காலோட போச்சு. அது நியாயம்தான்" என்றார் அம்மா. அம்மா பெயர் பட்டாளக் காகிதத்தில் சரியாக இருக்கும்படி நைனா முன்பே பார்த்துவைத்திருந்ததால் எங்களுக்கு அலைச்சல் இல்லை.

அன்று தோள் கொடுத்தவர்களுக்கும், ஏரி கடந்து ஐஸ் பெட்டி கொண்டுவந்த பையன்களுக்கும், கொடி மடித்துக் கொடுத்த பட்டாள நண்பர்களுக்கும், அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் சோறு கொண்டுவந்த அத்தனை வீடுகளுக்கும் எங்கள் நன்றி. ஆர்க்காட்டு மாமாவுக்குத் தனியாக நன்றி சொன்னால் அடிப்பார், அதனால் சொல்லவில்லை.

நான் இப்போது சித்தப்பா படகில் ஓர் ஆள். எவ்வளவு நாளைக்கு என்று கேட்காதீர்கள். ஆளுக்கு ஒரு பங்கும் வலைக்கு ஒரு பங்குமாக எடுத்துக்கொண்டு கரையேறும்போது அம்மா வாசலில் நின்று, "கால் வந்துச்சாடா?" என்று கேட்கிறார். வந்துச்சு என்கிறேன். இன்று நைனாவுக்குப் படைத்து உங்களுக்குப் பரிமாறும் மடவை மீன் குழம்பு அந்த வலையில் வந்ததுதான். ஒரு முறை வாங்கியாயிற்றே என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.