இரண்டாவது குடை

கல்லூரிச் சுற்றுலாவுக்காக என் மகள் வித்யா துணிமணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐப்பசி மாதம், முதுமலைக் காடு. வேண்டாமடி என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போயிருந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. கீழ்பென்னாத்தூரில் கோமதி போய்விட்டாளாம். காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

வேங்கிக்கால் ஆபீசில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் தெரியும், கோமதியைப் போலப் பயந்தவள் கிடையாது. ஃபேன் கரகரவென்றால் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வாள். இடி இடித்தால் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிடுவாள். பையில் எப்போதும் இரண்டு குடை. ஒன்று சரி, இன்னொன்று யாருக்கு என்று கேட்டால், "பயப்படாதவங்களுக்கு" என்பாள். சிரிக்கவே மாட்டாள்.

தொண்ணூறுகளின் நடுவில், ஆயுத பூஜை லீவில், நாலு குடும்பமாக வேன் பிடித்து முதுமலைக்குப் போனோமே! வெயிலில் காய்ந்த நமக்கு மழைக்காலக் காட்டைப் பற்றி என்ன தெரியும்? நாமெல்லாம் புளிச்சோறும் கேமராவும்தான் எடுத்துவைத்தோம். அவளோ ஸ்வெட்டர், பிளாஸ்டிக் உறையில் கட்டிய மாற்றுத்துணி, டார்ச், அவல், காய்ச்சல் மாத்திரை என்று அடுக்கினாள். போதாததற்குத் தங்கப்போகும் லாட்ஜுக்கு எஸ்.டி.டி. போட்டு, மழை ஜாஸ்தியா கம்மியா, அங்கே எதற்கெல்லாம் பயப்படணும் என்று விசாரித்துவிட்டு வந்தாள். "கூரையயும் பேத்து எடுத்துக்கினு வந்துடு கோமதி" என்றார் ஹெட் கிளார்க். வேனே சிரித்தது.

மறுநாள் காட்டோரம் ஓர் ஓடையில் இறங்கினோம். கணுக்கால் அளவுதான் தண்ணீர். நம்மூர் மலை உச்சியில் மேகம் உட்கார்ந்தால் மழை, இல்லாவிட்டால் இல்லை என்று பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியவர்கள் நாம். அண்ணாந்து பார்த்தோம், ஒரு துண்டு மேகம்கூட இல்லை. வித்யா அப்போது சின்னக் குழந்தை. என் கணவர் அவளை ஓடை நடுவே ஒரு பாறையில் உட்காரவைத்துவிட்டு, படம் எடுக்கக் கரைக்கு வந்தார்.

"தண்ணி கலங்குது! கொழந்தய தூக்குங்க!"

கோமதியின் குரல்தான்.

"வானம் பளிச்சுனு கீது, இன்னாத்துக்கு பயப்படற?" என்றார் ஹெட் கிளார்க்.

"மேல பெஞ்சாலும் இங்க வரும்னு லாட்ஜ்காரரு சொன்னாருங்க! கலங்குனா ஒடனே ஏறிடணும்னாரு!"

கத்திக்கொண்டே அவளே இறங்கிவிட்டாள், புடவையைக்கூடத் தூக்கிச் செருகாமல். நாமெல்லாம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வித்யாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேலேறி அவள் மூச்சு வாங்குவதற்குள், மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு சேற்றுத் தண்ணீர் வந்தது. பாறை இருந்த இடமே தெரியவில்லை.

கோமதி வித்யாவின் காலைத் துவட்டி, ஸ்வெட்டர் போட்டுவிட்டாள். அப்புறம்தான் அழுதாள். "எனுக்கு நீச்சல்கூடத் தெரியாது சாந்தி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாவுக்குப் போய்வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. வித்யா போயே தீருவேன் என்கிறாள். கோமதி யாரையும் எங்கேயும் போகாதே என்று தடுத்ததில்லை, விசாரித்துக்கொண்டு போ என்பாள். அதனால் அவர்கள் தங்கப்போகும் இடத்துக்கு நானே போன் போட்டேன். "மழைதாங்கம்மா" என்றார்கள். கோமதி எனக்கென்று விட்டுப்போனது இந்தப் பயம்தான். இதை நான் யாருக்காகவும் விடுவதாக இல்லை.

இன்று காலை வித்யாவின் பையைத் திறந்து பார்த்தேன். உறையில் கட்டிய மாற்றுத்துணி, டார்ச், இரண்டு குடை.

"யாருக்குடி ரெண்டு?"

அவள் பையை இழுத்து மூடினாள். "பயப்படாதவங்களுக்கும்மா."