கரடியின் பழைய பெயர்

காடாம்புலியூர் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த என் மாமியார், சருகுக்குள் விட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். சுண்டுவிரலுக்குக் கீழே இரண்டு புள்ளிகள்.

"என்னாச்சு அத்தை?"

"பூச்சி."

அந்தத் தோப்பில் பாம்பைப் பாம்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள்; பூச்சி என்றுதான் சொல்வார்கள். பெயரைச் சொன்னால் எதிரில் வந்து நிற்கும் என்று பயம்.

நானும் கணவரும் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கிருந்த நர்ஸ் பெண் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவள்.

"என்னங்க கடிச்சுது?"

"பூச்சிம்மா" என்றார் மாமியார். அவள் வெறும் பூச்சிக்கடி என்றே எழுதிக்கொண்டு, பெஞ்சில் உட்காரச் சொன்னாள். கணவர் வாயைத் திறக்கவில்லை. சிதம்பரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொற்களின் வரலாறு சொல்லித்தருகிற எனக்கும் ஒரு கணம் நாக்கு எழவில்லை. பிறகு கத்தியேவிட்டேன்: "பாம்புங்க! பாம்பு கடிச்சிருக்கு!"

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. விஷமுறிவு மருந்து ஏறியது. அவர் பிழைத்துக்கொண்டார்.

ஆனால் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டார்: "வெளக்கு வெக்கிற நேரத்துல அந்தப் பேரச் சொல்லிட்டியேம்மா?"

சமாதானமாக, வகுப்பில் சொல்வதைச் சொன்னேன். இங்கிலீஷில் கரடியை 'பேர்' (bear) என்பார்கள். 'பழுப்பு நிறத்தான்' என்பதுதான் அதன் மூலப்பொருள் என்று பலர் கருதுகிறார்கள். காட்டுக்குள் அதன் உண்மைப் பெயரைச் சொல்ல அஞ்சி, இங்கிலீஷ்காரர்களின் முன்னோர் நிறத்தைச் சொல்லிக் குறிப்பிட்டார்கள். கிரேக்கத்திலும் லத்தீனிலும் பழைய பெயர் தங்கிவிட்டது. இவர்கள் பேச்சில் அது அடியோடு போய்விட்டது.

இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

மாமியார் சிரிக்கவில்லை. "பழைய பேரு அவுங்களுக்கே தெரியாதா?"

"தெரியாது அத்தை. மறந்துட்டாங்க."

"பேரே மறந்துபோற அளவுக்குப் பயந்திருக்காங்க, பாவம்."

வருடக்கணக்காகப் பாடம் நடத்தியும் அந்த மனிதர்களின் பயத்தை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவர் வீக்கம் வடியாத கையை என் மடியில் வைத்து, "அரிக்குது, மெதுவா தடவி வுடு" என்றார்.