வால்டேரில் இறங்காதவர்

ரயிலில் ஏறியதும் மஹாதேவன் செய்கிற முதல் காரியம், ஜன்னல் திரையை இழுத்து மூடுவது. பகலானால் வெயில் கண்ணில் அடிக்கிறதாம். ராத்திரியானால் ஸ்டேஷன் விளக்கு அடிக்கிறதாம். மேகம் மூடிய நாளில் ஒன்றும் அடிக்காது. எதற்கும் இருக்கட்டும் என்று மூடிவிடுவார். பிறகு பெட்டியைச் சங்கிலியால் சீட்டின் காலோடு கட்டிப் பூட்டி, பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்து, ரப்பர் தலையணையை ஊதி, "ஆச்சு, இனிமே நிம்மதி" என்று காலை நீட்டுவார். அதற்கப்புறம் சில்கா ஏரியாவது, கோதாவரியாவது, எல்லாம் அவருடைய குறட்டையைக் கேட்டுக்கொண்டே பின்னால் போகவேண்டியதுதான். இந்த முறையில் இந்தியாவை நான்கு திசையிலும் பார்த்து முடித்துவிட்டார்.

தென்கிழக்கு ரயில்வேயில் சீஃப் டிக்கெட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸ் முழுக்க ஓடுகிற வண்டியில் ஜனங்களின் டிக்கெட்டைப் பார்த்தார். ஜனங்களைப் பார்த்ததாகத் தகவல் இல்லை. இப்போது வங்காளத்து டாக்குரியாவில், ஏரிக்குப் பக்கத்து ஃப்ளாட் ஒன்றில் மனைவி பாகீரதியோடு இருக்கிறார். வேலை போனாலும் பாஸ் போகவில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு ரயில்வே வருஷா வருஷம் கொடுக்கிற இலவசப் பாஸ் இருக்கிறதே, அது அந்த வீட்டின் குலதெய்வம். டிசம்பருக்குள் எடுக்காவிட்டால் அந்த வருஷத்துப் பாஸ் போனது போனதுதான். ஆகவே துர்கா பூஜைப் பந்தலைப் பிரிக்கிற சத்தம் கேட்டதுமே, "பாஸ் வீணாப் போயிடும்டீ" என்று ஆரம்பித்துவிடுவார். எங்கே போகலாம் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் கேள்வி. கிட்டத்து ஊருக்குப் பாஸ் எடுப்பது அவருக்குப் பட்டுப்புடவையைக் கிழித்துக் கரித்துணி ஆக்குவது மாதிரி.

அப்படித்தான் ஒரு வருஷம் திப்ருகர் போனார்கள். இறங்கினார்கள், வெயிட்டிங் ரூமில் குளித்தார்கள், பாகீரதி மிளகாய்ப்பொடி தடவிக் கட்டிவந்த இட்லியைச் சாப்பிட்டார்கள், அன்றைக்கே அடுத்த வண்டியில் திரும்பிவிட்டார்கள். பிரம்மபுத்திராவைப் பார்த்தீர்களா என்று கேட்டவர்களிடம், "அதான் வண்டி பாலத்துமேல போனதே!" என்றார். ஜெய்சல்மரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அங்கே தயிர் புளிப்பு. ஜம்முவைப் பற்றித் தெரிந்தது, குழாயில் வெந்நீர் வராது. கீழ் வீட்டு சட்டர்ஜி வேறு ரகம். குரங்குக் குல்லாயும் ஃப்ளாஸ்க்குமாக டார்ஜிலிங் போய்விட்டு வந்து, மேகம் விலகி மலை தெரிந்த அந்த ஒரு நிமிஷத்தை மாடிப்படியில் நின்று வாரக்கணக்கில் சொல்லுவார். மஹாதேவன் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். கடைசியில், "ரிட்டர்ன் கன்ஃபர்ம் சிலோ தோ, தாதா?" என்று, திரும்பிவர டிக்கெட் உறுதியாகியிருந்ததா என்பதை அக்கறையாக வங்காளத்தில் விசாரிப்பார்.

இப்பேர்ப்பட்டவர் பயணத்தைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் சூரியோதயப் படத்தோடு அவருடைய நன்றி வந்து விழுகிறது. 'இன்று கண் விழித்தேன். காற்றுக்கு நன்றி. பாதைகளுக்கு நன்றி. ஒவ்வொரு கணத்திலும் முழு உயிரோடு வாழ்வோம்.' நிஜச் சூரியன் ஏரிக்கரை மரங்களுக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருக்கும்போது அவர் போனில் நல்ல சூரியனாகத் தேடிக்கொண்டிருப்பார். நன்றியைப் போட்டு முடித்ததும், "காப்பி என்னாச்சு?" என்று சமையலறைப் பக்கம் குரல் போகும். காப்பி வரும். அதற்கு நன்றி கிடையாது. வீட்டுக் காப்பிக்கெல்லாம் நன்றி சொல்ல ஆரம்பித்தால் உலகம் என்னத்துக்கு ஆகும்?

பாகீரதிக்கு ஒரே தங்கை, சுந்தரி. வால்டேரில் இருக்கிறாள். ஊர் உலகம் விசாகப்பட்டினம் என்று சொன்னாலும் பழைய ரயில்வேக் குடும்பங்களுக்கு அது வால்டேர்தான். தெற்கே போகிற வண்டிகள் பலவும் அந்த ஸ்டேஷனில் முன்பக்கத்து இன்ஜினைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டிக்கொண்டு, வந்த வழிப்பக்கமே திரும்பிப் புறப்படும். அதனால் கொஞ்சம் தாராளமாக நிற்கும். வழியில் உறவுக்காரர்கள் இருந்தால் சாப்பாடு கட்டிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வருவது ரயில்வேக்காரர்களின் வழக்கம். சுந்தரியும் வருவாள். புளியோதரை, தயிர்சாதம், வாழைக்காய் வறுவல் என்று பை நிறைய இருக்கும். அக்காவும் தங்கையும் பிளாட்பாரத்தில் நின்றபடியே பேசுவார்கள். சுந்தரி பெண்ணின் கல்யாணப் பேச்சு, மாமியார் படுத்துகிற பாடு எல்லாம் அங்கேதான் பாதிப் பாதியாகப் பேசப்பட்டன. சிக்னல் விழுந்துவிட்டால் மீதி அடுத்த வருஷத்துக்கு.

சுந்தரியின் புருஷன் தவறிப்போன வருஷம் பாகீரதி உடனே கிளம்பவேண்டும் என்று துடித்தாள். அந்த வருஷத்துப் பாஸ் தீர்ந்திருந்தது. ஜனவரியில் புதுப் பாஸில் சென்னைக் கல்யாணத்துக்குப் போகும்போதுதான், டீ விற்கிறவன் விலகிப் போகக் காத்திருந்து, தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். கேட்டால் யாருக்கும் வயிறு எரியும். மஹாதேவன் கேட்கும் தூரத்தில் இல்லை. அவர் வால்டேரில் இறங்கமாட்டார். உள்ளே சாமான் இருக்கிறதே! பாகீரதி கண்ணைத் துடைத்துக்கொண்டு கொண்டுவருகிற பையை மட்டும் படுத்த வாக்கிலேயே கை நீட்டி வாங்கிக்கொள்வார்.

"ரெண்டு நாள் எறங்கித் தங்கலாமே" என்று அவள் சொல்லிப் பார்க்காமல் இல்லை.

"கன்னியாகுமரி வரைக்கும் இருக்கற பாஸை வால்டேர்ல எறங்கிக் கெடுக்கச் சொல்றியா? அவளைப் பார்த்தாச்சு, பேசியாச்சு, சாப்பாடும் வந்தாச்சு. மனுஷாளுக்கு வேற என்ன வேணும்?"

இந்த வருஷம் பூஜை முடிந்த கையோடு சுந்தரியிடமிருந்து போன் வந்தது. "முட்டி ரெண்டும் போயிடுத்துக்கா. மாடியை விட்டு எறங்க முடியலை. இனிமே ஸ்டேஷனுக்கெல்லாம் வர்றதுக்கில்லை" என்றாள். பாகீரதி போனை வைத்தாள். அடுப்பை அணைத்தாள். கூடத்துக்கு வந்து, "இந்தத் தடவை வால்டேர்ல எறங்கறோம்" என்றாள்.

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார் மஹாதேவன். அந்த வாரமே இரண்டு பேருக்கும் ராமேஸ்வரம் வரைக்கும் பாஸில் இடம் போட்டுவிட்டார். பாகீரதி முறைத்தபோது நிஜமாகவே அவருக்குக் காரணம் புரியவில்லை. "அவ வரலேன்னா என்ன? இப்பல்லாம் போன்ல சொன்னா சீட்டுக்கே சாப்பாடு கொண்டுவந்து தரான். நான் எல்லாம் விசாரிச்சுட்டேன்" என்று தைரியம் சொன்னார். சுந்தரியின் முட்டியால் வந்த சிக்கலை அவர் அப்படித் தீர்த்துவைத்தார்.

இது போதாதென்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் அவருடைய பேச்சு. தலைப்பு: 'பயணம், நன்றி, முழு உயிரோடு வாழ்தல்'. காரியதரிசி விஸ்வநாதன், "நம்மில் மஹாதேவனைப் போல நாடு சுற்றியவர் எவரும் இல்லை" என்று அறிமுகம் செய்தார். கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் அது உண்மைதான். மஹாதேவன் உருகினார். வண்டி ஓட்டுகிறவருக்கு நன்றி சொன்னார். தண்டவாளத்தைத் தட்டிப் பார்க்கிறவருக்குச் சொன்னார். பாலங்களுக்கு, சுரங்கங்களுக்கு, மண்குவளைத் தேநீருக்கு, அந்தக் குவளையின் மண்ணுக்குச் சொன்னார். "ஜன்னல் வழியா ஓடற ஒவ்வொரு மரமும் நம்ம கிட்ட ஏதோ சொல்றது" என்றபோது முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேள்விகள் உண்டா என்று விஸ்வநாதன் ஒப்புக்குக் கேட்டார். சமையல்கட்டிலிருந்து போண்டா வாசனை வந்துகொண்டிருந்ததால் இருக்காது என்ற நம்பிக்கை அவருக்கு. மூன்றாம் வரிசையிலிருந்து பாகீரதி எழுந்தாள்.

"வால்டேர்ல என்ன பார்க்கலாம்?"

மஹாதேவனுக்குச் சந்தோஷம். அவள் இதுவரை ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. "நல்ல கேள்வி. வால்டேர்ல இன்ஜின் மாறும். அது ரொம்ப விசேஷமான ஸ்டேஷன்."

"ஸ்டேஷனுக்கு வெளில?"

"வெளில... ஊர் இருக்கு."

கூட்டம் சிரித்தது. பாகீரதி சிரிக்கவில்லை. "சமுத்திரம் இருக்காம். சுந்தரியாத்து மொட்டைமாடிலேந்து தெரியுமாம். ஒவ்வொரு தடவையும் வந்து பாருக்கா, பாருக்காங்கறா. இத்தனை பேருக்கு நன்றி சொன்னேளே, சோறு கட்டிண்டு வந்து வெயில்ல நின்னாளே, அவளை விட்டுட்டேளே?"

விஸ்வநாதன் பொன்னாடையைப் பிரிக்க ஆரம்பித்தார். இந்த மாதிரி சமயங்களுக்கு அதைவிட நல்ல வஸ்து கிடையாது.

மறுநாள் காலையில் கரியாஹாட்டுக்குக் காய் வாங்கப் போகிறேன் என்று போன பாகீரதி, மத்தியானம் காய் இல்லாமல் வந்தாள். "வர்ற வியாழக்கிழமை காலை வண்டில எனக்கு வால்டேருக்கு டிக்கெட் வாங்கிட்டேன்" என்றாள்.

வேறு வீடுகளில் பெண் யாரோடோ ஓடிப்போனால்தான் இப்படி விழிப்பார்கள். மஹாதேவன் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டிக்கொண்டார். "டிக்கெட்டா? காசு குடுத்தா?"

"பின்ன, சும்மாவா குடுப்பா?"

"பாஸ் இருக்கறவாத்துல டிக்கெட் வாங்கினோம்னு வெளில மூச்சு விடாதே. சிரிப்பா." டிக்கெட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். தேதி சரி, வயசு சரி, கீழ் பெர்த். ஒரு குற்றமும் அகப்படவில்லை. "அப்போ ராமேஸ்வரம்?"

"நீங்க போயிட்டு வாங்கோ. அங்கே வெயிட்டிங் ரூம் நன்னா இருக்குமா இருக்கும்."

"ரிட்டர்ன் எங்கே?"

"வாங்கலை."

இதுதான் அவரை அடித்தது. ரிட்டர்ன் இல்லாத பயணம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அந்த மூன்று நாளும் வாட்ஸப்பில் சூரியன் உதித்துக்கொண்டுதான் இருந்தது. நன்றிகளும் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் காப்பி வரும்போதெல்லாம், சாப்பிட உட்காரும்போதெல்லாம், "எப்போ திரும்பறதா உத்தேசம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். "அவ முட்டியைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று அவளும் அதே சுவருக்குப் பதில் சொன்னாள். தனியாக ஃப்ளாட்டில் இருப்பதை நினைத்தால் அவருக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல அவரிடம் வாசகம் இல்லை. எல்லாம் காற்றுக்கும் பாதைகளுக்கும் செலவாகியிருந்தது.

வியாழக்கிழமை ஹவுரா ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தார். புதுக் கட்டடத்துப் பிளாட்பாரத்தில் பெட்டியை அவரே இழுத்துக்கொண்டு நடந்தார். ஏறி, இடத்தைக் கண்டுபிடித்து, பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, பழக்க தோஷத்தில் சங்கிலியை எடுத்தார். "அதெல்லாம் வேண்டாம், உக்காருங்கோ" என்றாள் பாகீரதி. அவள் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. நல்லெண்ணெயும் புளியும் கலந்த வாசனை வந்தது.

"என்னது, வழிக்கா?"

"சுந்தரிக்கு. இத்தனை வருஷமும் அவதான் கட்டிண்டு வந்தா. ஒரு தடவை நான் கொண்டுபோறேன்."

மஹாதேவன் மூக்கை உறிஞ்சினார். நிபுணர் அல்லவா. "நீயாவது உப்புப் பார்த்துப் போட்டியோ? உன் தங்கை புளியோதரைல எல்லாம் நன்னா இருக்கும், உப்புதான் ஒரு நாளும் போறாது."

பாகீரதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்குக் கட்டினதுல சரியாத்தான் இருக்கும். உங்களுக்குத் தனியாக் கிளறுவா. ரத்தக் கொதிப்புன்னு என்னிக்கோ சொன்னேன். அன்னிலேந்து உங்க பொட்டலத்துல மட்டும் நூல் சுத்திக் குடுப்பா, மாறிடக் கூடாதுன்னு."

நூல் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதைப் பிரிக்க எரிச்சல்பட்டு, பல்லால் கடித்து அறுத்துத் துப்பியதும் ஞாபகம் இருந்தது. சுந்தரியின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தார். தன் கல்யாணப் பந்தலில் பார்த்த சின்னப் பெண்தான் வந்தாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. வழியனுப்ப வந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எறங்குங்கோ, கிளம்பப் போறது" என்றாள் பாகீரதி.

அவர் வாசல் பக்கம் பார்த்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

"ஏன்னா, உங்களைத்தான்! பாஸ்கூடக் கையில இல்லியே!"

பெட்டியின் அந்தக் கோடியில் கறுப்புக் கோட்டுக்காரர் டிக்கெட் பார்க்க ஆரம்பித்திருந்தார். மஹாதேவன் குனிந்து செருப்பைக் கழற்றி, சீட்டுக்கு அடியில் நன்றாக உள்ளே தள்ளிவிட்டு, காலை மடக்கிச் சம்மணம் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.