மூன்றாவது பேஸ்

என் அண்ணனுடைய மோட்டாரை எரித்தது நான்தான். இத்தனை வருஷமாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். வெட்கப்பட்டு அல்ல, சொல்லிவிட்டால் அதன் ருசி போய்விடும் என்றுதான். அண்ணன் என்று எழுதுகிறேனே தவிர, அவனுக்கு மரியாதை விகுதி போட எனக்குக் கை வராது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புருஷன் வீட்டிலிருந்து நான் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, அப்பா ஓட்டாமல் பூட்டிப் போட்டிருந்த மாவு மில்லை எனக்குக் கொடுத்தார். உத்தமபாளையத்திலிருந்து கோம்பை போகிற சாலையில், அண்ணன் வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல் இருந்தது அது. மாவுத் தூசியைக் கூட்டித் தள்ளிவிட்டு ஐந்து டைப்ரைட்டர்களைப் போட்டுப் பிள்ளைகளுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்தேன். பிழைப்பு ஓடியது. எண்பதுகளின் கடைசியில் தேனியில் கம்ப்யூட்டர் வகுப்பு வந்ததும் பிள்ளைகள் அங்கே பஸ் ஏறிவிட்டார்கள். நானும் வீம்புக்குக் கழுத்திலும் கையிலும் கிடந்ததை எல்லாம் கொடுத்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன். அந்த வருஷமே அப்பா இறந்துபோனார்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்புவதற்குள் அண்ணன் பேச்சை எடுத்தான். கட்டடம் சும்மா கிடக்கிறதாம். அதில் தொழில் நடக்கிறதா இல்லையா என்று பெரியவர்கள் சொல்ல வேண்டுமாம். அவர்கள் வெற்றிலையை மென்றுகொண்டே ஒரு முடிவு சொன்னார்கள்: தை மாதத்துக்குள் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை வைத்து நான் ஒரு தொழில் நடத்திக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, அவன் வீட்டில் ஒரு மூலையில் இருந்துகொள்ள வேண்டும். அவன் போடும் சோற்றைத் தின்றுகொண்டு! நான் சரி என்று தலையை ஆட்டினேன். ஆட்டாமல் என்ன செய்ய?

ஐப்பசியில் ஒரு வேலை கிடைத்தது. போடியில் ஒரு வியாபாரிகள் சங்கம். ஆயிரத்துச் சொச்சம் உறுப்பினர்கள். பெயர், ஊர், கடை விலாசம் எல்லாம் ஆங்கிலத்தில் அடித்து, வரிசைப்படுத்தி, அச்செடுத்துத் தர வேண்டும். இது நல்லபடியாக முடிந்தால் வருஷா வருஷம் எனக்கே என்றார்கள். என் கட்டடம் அந்தப் பட்டியலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் நாள் உட்கார்ந்து நாற்பது பெயர் அடித்திருப்பேன். மேஜைக்கு அடியில் இருந்த யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. கரண்ட் போனால் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்று சொல்லி மதுரைக் கடைக்காரர் தலையில் கட்டிய பெட்டி அது. ஆனால் கரண்ட் போகவில்லை. தலைக்கு மேல் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டுதான் இருந்தது. கத்தியது, நின்றது, மறுபடி கத்தியது. கடைசியில் ஒரு தடவை 'டப்' என்று எல்லாமே அணைந்துவிட்டது. ஃப்ளாப்பியில் பதிந்துகொண்டிருந்த நேரம் அது. போட்டுப் பார்த்தால் படிக்க முடியவில்லை என்று வந்தது. நாற்பது பெயரும் போச்சு.

தேனியிலிருந்து ஸ்டெபிலைசர் மெக்கானிக்கை வரவழைத்தேன். நல்ல மனுஷர், ஆனால் வந்தவுடன் எதையாவது கழற்றினால்தான் அவருக்குக் கை அடங்கும். பேட்டரியைச் சோதித்தார். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினார். ஸ்டெபிலைசரில் ரிலேயை மாற்றினார். எர்த் சரியில்லை என்று சொல்லி, கொல்லையில் எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டு, தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். செடிக்கு ஊற்றுவதுபோல் நானும் தினம் ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த தடவை வந்தபோது ஒரு வோல்ட் மீட்டரைச் சுவரில் மாட்டிவிட்டு, "டீச்சர், நான் போனப்பெறகு இந்த முள்ளப் பாத்துக்கிட்டே இருங்க. எப்ப எறங்குது, எப்ப ஏறுதுன்னு எழுதி வைங்க. யு.பி.எஸ். மேல தப்பு இல்ல. வோல்டேஜ் எறங்குனா அது பேட்டரிக்கு மாறிக்கும். திரும்ப சார்ஜ் ஏற வோல்டேஜ் வேணும்ல? அது வரலைன்னா பேட்டரி செத்துப்போகும்" என்றார்.

டைப் அடித்துக் கசக்கிப் போட்ட தாள்களின் பின்பக்கம் எழுதினேன். காலையில் இருநூற்று இருபது. பத்தரை மணிக்கு நூற்று ஐம்பத்தைந்து. பன்னிரண்டுக்குத் திரும்ப இருநூற்றுப் பத்து. சாப்பிட்டுவிட்டு வந்தால் நூற்று ஐம்பது. நாலு நாள் எழுதிய பிறகு, ஐந்தாம் நாள் முள் இறங்கிய அதே நொடியில் ஜன்னலுக்கு வெளியே ஒரு உறுமல் கேட்டது. அண்ணனுடைய கிணற்று மோட்டார்.

எங்கள் பக்கத்தில் அப்போது நாள் முழுக்க மூன்று பேஸ், அதாவது மும்முனைக் கரண்ட், கிடையாது. கிணற்று மோட்டார் ஓடுவதற்கு மூன்று பேஸ் வேண்டும்; அது சில மணி நேரம்தான் வரும். மற்ற நேரத்தில் வீட்டு விளக்குக்கென்று இரண்டு பேஸ் மட்டும் இருக்கும். அந்த நேரத்திலும் சிலர் கண்டன்சர் போட்டு மோட்டாரை ஏமாற்றி ஓட்டுவார்கள். அது ஓடினால் அந்த வரிசையில் இருக்கிற எல்லா வீட்டிலும் வோல்டேஜ் படுத்துவிடும். என்னுடையது மில் சர்வீஸ். மூன்று பேஸ் ஒயரும் வருகிறது. ஒன்று மங்கினால் இன்னொன்றுக்கு மாற்றிப் பார்ப்பேன். இரண்டையும் அவனே உறிஞ்சிக்கொண்டிருந்தால் எதற்கு மாற்றுவது? மூன்றாவதில்தான் கரண்டே இல்லையே.

நேராக அண்ணனுடைய திராட்சைப் பந்தலுக்குப் போனேன்.

"அண்ணே, பகல்ல ரெண்டு பேஸ்ல மோட்டார ஓட்டாதீக. என் மிஷின் அணஞ்சு அணஞ்சு போகுது. ஒரு ரெண்டு மாசம் மட்டும் பொறுத்துக்கங்க."

"என் கெணறு, என் மோட்டாரு. ஒனக்கு என்ன வந்துச்சு?"

"கண்டன்சர் போட்டு ஓட்டுறது தப்புண்ணே."

அவன் பந்தலுக்குள் மருந்தடித்துக்கொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டான். "ஏலே, இங்கன வா. கரண்ட் ஆபீசரு அம்மா வந்துருக்காக. நாற்காலி எடுத்துட்டு வந்து போடு." அந்த ஆள் நிஜமாகவே நாற்காலியைத் தேடிப் போனான். அண்ணன் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "தை வரைக்கும்தான ஒன் கூத்து. அப்பறம் நான் அங்கன உர மூட்டை அடுக்கணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மறுநாள் மழை. பந்தலுக்கு அடியில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. அன்றைக்கும் மோட்டார் ஓடியது. வாய்க்காலில் போன தண்ணீர் சாலைக்கு வந்து பஸ் டயரை நனைத்தது. அந்தத் தண்ணீர் கொடிக்கு இல்லை, எனக்கு.

மனு எழுதிப் போடலாம் என்று நினைத்தேன். எழுதியும் வைத்தேன். ஆனால் கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தாள் என்று ஊர் பேசும். வெற்றிலை மென்ற பெரியவர்களுக்கு அது ஒன்று போதும். மனுவைக் கிழித்துப் போட்டேன். வயிறு எரிந்தது. ராமாயணம் படிக்கிறவளுக்குக்கூட அப்படி ஒரு புத்தி வரலாமா என்று கேட்பீர்கள். வந்தது. அவனுக்கு நோகிற மாதிரி, அவனே தேடிக்கொண்ட மாதிரி, ஊர் கண்ணுக்கு என் விரல் தெரியாத மாதிரி ஏதாவது நடக்க வேண்டும் என்று தினம் சாமி விளக்கின் முன்னால் நின்று கேட்டேன்.

வழி என் சுவரிலேயே இருந்தது. மில் போர்டில் அப்பா வைத்த மூன்று சின்ன பல்புகள் உண்டு: சிவப்பு, மஞ்சள், நீலம். பேஸுக்கு ஒன்று. இரண்டு பேஸ் நேரத்தில் நீலம் மட்டும் எரியாது. மூன்றும் எரிந்தால் மூன்று பேஸும் வந்துவிட்டது என்று அர்த்தம். என் பின் ஜன்னல் வழியாக அது அண்ணன் வீட்டுக் கொல்லைக்குத் தெரியும். அவன் பெண்டாட்டி, என் மதினி, அங்கே நின்று பார்த்து, கிணற்றடிக்குக் கேட்கிற மாதிரிச் சத்தம் கொடுப்பார். உடனே அவன் கண்டன்சரைக் கழற்றிவிடுவான். கழற்றாமல் மூன்று பேஸில் ஓடினால் மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருள், அந்தக் 'காயில்', கருகிவிடும். எங்கள் பள்ளத்தாக்கில் மோட்டார் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கரண்ட் போய் வந்தால் தானாக நின்றுவிட வேண்டிய ஸ்டார்ட்டருக்கும் அவன் ஒரு குச்சியைச் சொருகி வைத்திருந்தான், எழுந்து போய் அமுக்கச் சோம்பல்பட்டு. என்னைக் கெடுக்கிறவன் என் வீட்டு விளக்கை நம்பித்தான் கெடுத்துக்கொண்டிருந்தான்!

மார்கழி நடுவில் பாதிப் பட்டியலுக்கு மேல் போயிருந்தேன். பதிந்துகொண்டிருக்கும்போது மறுபடி 'டப்'. ஆங்கில 'எம்' எழுத்து வரைக்கும் அடித்தது மொத்தமும் போனது. நான் அழவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, நீல பல்பைக் கழற்றிக் கார்பன் தாள் டப்பாவில் போட்டு மூடிவிட்டு வந்து, முதல் பெயரிலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தேன்.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நொடி கரண்ட் போய் வந்தது. யு.பி.எஸ். ஒரு தடவை கத்தி வாயை மூடிக்கொண்டது. சுவரில் முள் குபுக்கென்று ஏறியது. மூன்று பேஸும் வந்துவிட்டது. கிணற்றடியில் நின்ற மோட்டார் குச்சியின் தயவால் தானாகவே மறுபடி கிளம்பியது, ஆனால் வேறு குரலில்.

"ஏ புள்ள, மூணும் வந்துருச்சா பாரு!" அண்ணன் கத்தினான்.

மதினியின் குரல் ஜன்னலுக்கு மிகப் பக்கத்தில் கேட்டது. "இல்லங்க, ரெண்டுதான் எரியுது!"

நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். நேரம் இருந்தது. வாயைத் திறக்காமல் அடுத்த பெயரை அடித்தேன், அதற்கடுத்ததையும் அடித்தேன். கண்டன்சர் வெடித்த சத்தம் வேட்டுப் போட்ட மாதிரிக் கேட்டது. பிறகு வார்னிஷ் கருகிய வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. நான் அதை நன்றாக மூச்சு இழுத்து வாங்கினேன். கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை.

மோட்டாரைக் கயிறு கட்டி ஏற்றி, காயில் சுற்றத் தேனிக்கு அனுப்பினார்கள். திரும்பி வரப் பத்து நாள் ஆயிற்று. தனக்குச் சனி பிடித்திருக்கிறது என்று அண்ணன் சனிக்கிழமை குச்சனூர் போய் எள் விளக்குப் போட்டான். சனி சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தது. முள் இருநூற்று இருபதை விட்டு அசையவில்லை. எட்டாம் நாள் பட்டியல் முடிந்தது. அச்செடுத்துப் போடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சங்கத்தில் அப்போதே அடுத்த வேலையையும் தந்தார்கள். தை வந்தது, போனது. சாவியைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. மோட்டாரின் புதுக் காயிலைக் காப்பாற்ற அவன் அதன் பிறகு கண்டன்சரே போடவில்லை. அந்தப் பத்து நாள் தண்ணீர் இல்லாமல் பந்தலில் பாதிக் கொடி இலை சுருண்டு கிடந்ததைத் தினம் ஒரு தடவை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுத்தான் நான் வேலையைத் தொடங்குவேன்.

மாசியில் ஒரு நாள் மதியம் மதினி மொச்சைக் குழம்பு ஊற்றிய கிண்ணத்தோடு வந்தார். அதுவரை அவர் என் கட்டடத்துக்குள் கால் வைத்ததில்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, எழுத்துகளை விரலால் தொடாமல் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"அன்னைக்கு நீலப் பல்பு அங்கன இல்லவே இல்ல. பாத்துட்டேன்."

என் கண் தானாக மில் போர்டுப் பக்கம் போனது.

"எரியலைன்னாலும் கண்ணாடி தெரியணும்ல. வெறும் ஓட்டதான தெரிஞ்சுச்சு. எங்க வீட்டு வெளக்கும் ஒரு நொடி அணஞ்சு வெளிச்சமா வந்துச்சு. மூணும் வந்துருச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன் மதினி ரெண்டுதான் எரியுதுன்னு சொன்னீக?"

"எம் மக இந்த டைப்பு படிக்கணும்னு ரெண்டு வருசம் இந்தச் சன்னலப் பாத்துக்கிட்டே நின்னா. ஒங்கண்ணே விடல. பதினேழுல கட்டிக் குடுத்துட்டாக. அழுதுக்கிட்டே போனா."

கிண்ணத்தை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"நீ வந்து ஒரு வார்த்தை கேப்பன்னு நெனச்சேன். அத்தைக்காரிதான. தொழிலும் ஒங்கிட்டதான் இருக்கு. நீ ஒரு சேலைய எடுத்துக் குடுத்துட்டு, பந்தியில ஒக்காந்து சாப்புட்டுப் போயிட்ட."

அந்தப் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கியதுகூட எனக்கு ஞாபகம் இருந்தது. அப்போது எனக்கு அண்ணனிடம் ஒரு சண்டையும் இல்லை. கட்டடத்தை அவன் கேட்க ஆரம்பித்திருக்கவில்லை.

"மோட்டாரு எரிஞ்சது அவுகளுக்கு. ஒனக்கு என்ன செய்யன்னுதான் இன்னும் தெரியல" என்றார் மதினி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "ஆறிப்போகுது, சாப்புடு."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவருக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.