அண்ணன் பங்கு அரிசி

பாகிஸ்தானோடு சண்டை நடந்த அந்த வருஷத்தில், கோதுமை ரவையில் கிண்டிய களி அடிப்பிடிக்கும் வாடைதான் நகரியில் எங்கள் நெசவாளர் தெரு முழுவதும் வீசிக்கொண்டிருந்தது. ரேஷனில் அரிசி வருவதே அரிது. வந்தாலும் முறத்தில் பரப்பினால் முறம் மூடாது. குழம்பில் பருப்புக்குப் பதில் முருங்கைக்கீரை, காப்பியில் சர்க்கரைக்குப் பதில் வெல்லம், வடித்த கஞ்சியில் பாதி நைனாவின் தறிநூலுக்கு, மீதி எங்கள் வயிற்றுக்கு என்று அம்மா குடித்தனத்தை இழுத்துக்கொண்டு போனாள்.

அதற்கு முந்தின வருஷம் நூல் கிடைக்காமல் சில மாதம் தறி நின்றபோது பட்டாளத்தில் சேர்ந்தவன் என் அண்ணன் முனுசாமி. சோறென்றால் அவனுக்கு உயிர். அவன் ரயிலேறிய நாள் முதல், உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை அம்மா தனிப் பானையில் எடுத்து வைப்பாள். வண்டு விழாமல் வேப்பிலை போட்டு, வெயிலில் உலர்த்தி, காக்கை ஒரு மணி கொத்தாமல் காவலிருப்பாள். நானும் தம்பிகள் இருவரும் அந்தப் பானையைப் பார்த்தபடியே களியை விழுங்குவோம்.

"புள்ளைங்க களி துன்னுக்கினு கீதுங்க, நீ அரிசிய மூடி வச்சிக்கினு கீறியே," என்பாள் எதிர்வீட்டு அத்தை.

"லீவுல வந்தா அவனுக்கு இன்னா போடுவேன்? அங்க ரொட்டிதானாம்," என்பாள் அம்மா.

அவன் வரவில்லை. தந்திதான் வந்தது. உடல்கூட வரவில்லை.

கருமாதிக்கு உறவெல்லாம் கூடிவிட்டது. புத்தூர்ச் சந்தைவரை அலைந்தும் அரிசி கிடைக்காமல் வெறுங்கையோடு வந்து நின்ற நைனாவின் முன்னால், அம்மா அந்தப் பானையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அவன் அரிசி. அவனுக்கே ஆவட்டும்."

படையல் முடிந்து எங்கள் இலைகளிலும் வெள்ளைச் சோறு ஆவி பறக்க விழுந்தது. கடைசித் தம்பி வாய் நிறையச் சோற்றோடு, "நாளைக்கும் சோறாம்மா?" என்று கேட்டான். கூடியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அம்மா அழவில்லை. "துன்னு கண்ணு, இன்னும் கீது," என்று அள்ளி வைத்தாள்.

மறுநாள் உலை கொதித்தபோது, பழக்கத்தில் அவள் கை ஒரு பிடியைத் தனியே எடுத்துவிட்டது. அதை எங்கே போடுவதென்று தெரியாமல் அடுப்பின் முன் வெகுநேரம் நின்றவள், விரல்களை மெல்லத் திறந்து உலையிலேயே விட்டாள். அப்போதுதான் அழுதாள்.

இன்று அரிசிக்குக் குறைவில்லை. ரேஷன் அரிசியைப் பலர் வாங்குவதுகூட இல்லை. நைனா, அம்மா, தம்பிகள் எல்லோரும் போய்விட்டார்கள். அண்ணனைப் படமெடுத்து வைக்க எங்களுக்கு வழியிருந்ததில்லை. அவன் முகம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். அவனுக்கு மீசை இருந்ததா, இல்லையா என்று கொஞ்ச நாளாக எனக்கே சந்தேகம்; கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவருமில்லை.