நாலு அறை வீட்டுக்கு என்ன வரி

நகரசபையில் அவளுக்குப் பெயர் அக்கா. வயதில் மூத்த குமாஸ்தாக்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். காது கேளாதவர்கள் யாராவது மனுவோடு வந்து நின்றால், "அக்காவுக்கு ஒரு போன் போடு" என்பார்கள். அவள் வந்து நடுவில் நிற்பாள். ஒரு பக்கத்துப் பேச்சைக் கையாலும், மறுபக்கத்துக் கையைப் பேச்சாலும் சொல்வாள். தன் சொல் ஒன்றைக்கூட இடையில் நுழைக்க மாட்டாள்.

இந்த வேலையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் தம்பிதான். நடை பழகும் வயதில் காய்ச்சல் வந்து அவனுக்குக் காது போயிற்று. கூப்பிடப் பேச்சு வராமல் அவள் பின்னலைப் பிடித்து இழுப்பான். அதுவே வீட்டில் 'அக்கா' என்பதற்குச் சைகை ஆயிற்று. அவள் பிறகு முறையாகச் சைகைமொழி படித்துச் சான்றிதழ் வாங்கினாள். தலை நரைத்து, முடியும் கழுத்தளவுக்குக் குறைந்துவிட்டது. அவன் இன்னமும் காற்றில் ஒரு பின்னலை இழுத்துத்தான் அவளைக் கூப்பிடுகிறான்.

அம்மா படுக்கையில் கிடந்தபோது தம்பியிடம் சொன்னாள்: "உங்க அக்காவுக்கு மூக்கு மேல கோபம். நீதான்டா பொறுத்துப் போகணும்." தன்னைப் பற்றிய அந்தக் குறையையும் அக்கா அப்படியே கையால் சொன்னாள். அப்புறம்தான் வெளியே போய் அழுதாள்.

அப்பேர்ப்பட்டவள் தடுமாறியது வரி விஷயத்தில்.

ஊரின் குடிநீர்க் குழாய்கள் துருப்பிடித்துவிட்டன. மாற்றுவதற்குப் பணம் வேண்டும். அதுவரை ஒற்றை அறையானாலும் மாடி வீடானாலும் ஒரே வரிதான். அதையே எல்லாருக்கும் சமமாக உயர்த்துவதா, வீட்டின் அளவைப் பார்த்துப் போடுவதா என்று மக்களிடம் கேட்க ஒரு கூட்டம் வைத்தார்கள்.

அதற்கு முந்தின வாரமே அக்காவின் சமையலறையில் அந்தக் கூட்டம் நடந்து முடிந்துவிட்டது. தம்பி வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறான். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறையில் வாடகைக்கு இருக்கிறான்.

"வரி வீட்டுக்காரர் பேர்ல வருது. ஆனா வாடகையில ஏத்தி என்கிட்டத்தான் வாங்குறார்" என்று அவன் கைகள் படபடத்தன. "பெரிய வீட்டுக்குப் பெரிய வரி. அதுதான் நியாயம்."

"வீடு பெருசா இருந்தா பணமும் பெருசா இருக்கும்னு யார் சொன்னா?" என்றாள் அவள்.

"நீ உன் வீட்டை வெச்சுப் பேசுற."

"நீ மட்டும் என்ன, உன் வாடகையை வெச்சுத்தான் பேசுற."

கையால் சண்டை போடுகிறவர்களால் டம்ளரைத் தூக்க முடியாது. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

அவளுடையது நாலு அறை வீடு, பின்னால் தோட்டம். கணவர் பார்த்துப் பார்த்துக் கட்டியது. பிள்ளைகள் பிறப்பார்கள் என்று இரண்டு அறை அதிகமாகவே கட்டினார். பிள்ளைகள் பிறக்கவில்லை, அவரும் போய்ச் சேர்ந்தார். கூப்பிட்ட நாளுக்குக் கூலி என்கிற வருமானத்தில் அவள் அந்த வீட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வரி ஏறினால் விற்க வேண்டியதுதான்.

கூட்டத்தன்று தம்பி மேடைக்கு அருகில் போய் நின்றான். அக்கா பக்கத்தில் நின்றாள். முன்வரிசையில் மூன்று மாடி வீடு கட்டியிருக்கும் ஜவுளிக்கடைக்காரர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

தம்பி இரண்டு கைகளையும் அகல விரித்தான். "ஒரே ஆள் இருக்கிற நாலு அறை வீட்டுக்கும், நாலு பேர் நெருக்கியடிச்சுக் கிடக்கிற ரெண்டு அறைக்கும் ஒரே வரியா? அளவைப் பார்த்துப் போடுங்க. பெரிய வீட்டுக்காரங்க கூடுதலாக் கட்டியே ஆகணும்."

அக்கா வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "பெரிய வீட்டுக்காரங்க அவங்களால முடிஞ்சதை மனசு வெச்சுக் கொடுத்தா எல்லாருக்கும் நல்லது."

ஜவுளிக்கடைக்காரர் தலையாட்டிச் சிரித்தார். "ரொம்ப நல்லாச் சொன்னீங்க தம்பி!"

தம்பி அவர் முகத்தைப் பார்த்தான். கடுகடுக்க வேண்டிய முகம் மலர்ந்திருந்தது. அவன் கைகள் மெல்ல இறங்கின. பிறகு இடுப்புக்குக் கீழே, அவளுக்கு மட்டும் தெரியும்படி விரல்கள் அசைந்தன.

"அவர் ஏன் சிரிக்கிறார்?"

அவளால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவனுக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே குரல் அவளுடையது. அதுவும் பொய் சொன்னால் அவன் எங்கே போவான்?

"ஐயா, மன்னிக்கணும்" என்றாள் நகரசபைத் தலைவரிடம். சொல்லும்போதே கைகளும் அதைத் தம்பிக்குச் சொல்லின. "என் தம்பி அப்படிச் சொல்லலை. நான் மாத்திட்டேன். அவன் சொன்னது இதுதான்." நாலு அறையில் தொடங்கி 'கட்டியே ஆகணும்' வரை ஒன்று விடாமல் சொன்னாள்.

ஜவுளிக்கடைக்காரரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "நல்ல நியாயம்யா! வீடு பெருசு, வருமானம் இல்லை, அவங்க என்ன பண்றது? செங்கல்லைப் பேத்துக் கொடுக்கிறதா?"

கூடம் சிரித்தது. அவள் அதையும் கையால் சொன்னாள். தம்பி காற்றில் பின்னலை இழுத்தான்.

"அதுக்கு எனக்குப் பதில் தெரியலை" என்று அவன் கைகளைக் குரலாக்கினாள் அவள். "எங்க அக்காவுக்கே அந்த நிலைமைதான். அவளைக்... அவளைக் கேளுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லுங்க அக்கா."

எத்தனையோ கூட்டங்களில் நின்றவளுக்கு அன்றைக்குத்தான் யாருடைய கையையும் பார்க்காமல் பேச வேண்டியிருந்தது.

"எனக்கு வீடு பெருசு, கையில இருக்கிறது கம்மி. பெரிய வீட்டுக்கு வரி கூடுதலாத்தான் வரணும், அதை நான் மறுக்கலை. ஆனா இப்பக் கேட்டா என்னால முடியாது. என்னை மாதிரி இருக்கிறவங்களுக்கு வரியை வீட்டு மேலயே பாக்கியா எழுதி வெச்சுக்குங்க. விக்கிறப்போ, இல்லை எங்க காலத்துக்கு அப்புறம், அந்த வீட்டிலிருந்தே எடுத்துக்குங்க."

"அதுவரைக்கும் குழாய் போட யார் கொடுப்பா?" என்று எழுந்தார் ஜவுளிக்கடைக்காரர்.

"நீங்கதான். உங்களுக்குத்தான் மூணு மாடி இருக்கே."

இந்த முறை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தலைவர் குமாஸ்தாவிடம் அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். முடிவு அன்றைக்கு வரவில்லை. ஒரு குழு பார்த்துச் சொல்லும் என்றார்கள்.

வெளியே படிக்கட்டில் தம்பி முறைப்பாக நின்றான். அவள் மன்னிப்புக் கேட்டாள்.

"பயந்துட்டியா?"

"ஆமா."

"என்கிட்ட முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே, வீடு கையை விட்டுப் போயிடும்னு. நீ சமாளிச்சுடுவேன்னுல்ல நெனச்சேன். அது இருக்கட்டும், வீட்டு மேல பாக்கியை ஏத்தச் சொல்லிட்டு வந்திருக்கியே. உனக்கப்புறம் அது யாருக்கு? என் பிள்ளைங்களுக்குத்தானே? அப்போ அதைக் கட்டப்போறது யாரு?"

அவள் அதை யோசித்திருக்கவே இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் கைகளை உயர்த்தினாள். அவனும் உயர்த்தினான். இருவருமாகப் படியின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டார்கள்.

சாவிக்கொத்தோடு வந்த காவலாளி, "அக்கா, கொஞ்சம் ஓரமா நின்னு சண்டை போடுங்களேன், கதவைச் சாத்தணும்" என்றார்.

அவள் அதையும் தம்பிக்கு அப்படியே சொன்னாள். இருவரும் ஓரமாக நகர்ந்து நின்றார்கள்.