பின் சீட்டுக்கு வராத சூடு

வட்டமான தகரப் பெட்டி. சோற்றுக் குண்டான் அளவு இருக்கும். காரின் முன் பக்கத்தில், டாஷ்போர்டுக்குக் கீழே, தரையைப் பார்த்து மாட்டியிருந்தது. அதன் வயிற்றில் இரண்டு சின்னக் கதவுகள். திறந்தால் வெதுவெதுப்பாகக் காற்று வந்து கால்மேல் விழும். இன்றைக்கும் சில விடியற்காலையில் அந்தக் காற்று என் காலில் படுவதுபோல இருக்கும். கம்பளியை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அது எனக்கு வந்த சூடு இல்லை. ஐயா வீட்டு அம்மாவுக்கு வரவேண்டியது.

ஐயா என்பது நான் கார் ஓட்டிய வீட்டின் எஜமானர். ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் ஊர். மாந்தோப்பும் நஞ்சையும் உள்ள குடும்பம், வீட்டுக்குள் தெலுங்கு. கோலார் தங்கவயலில் இருந்த ஒரு துரை கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன காரை ஐயா வாங்கினார். வாங்கிய பிறகுதான் ஓட்ட ஆள் இல்லையென்று தெரிந்தது. நான் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் லாரி ஓட்டிப் பழகியவன். அதனால் சேரியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டில் மாட்டுக்கொட்டகை வரைக்கும் நான் போகலாம். அதற்கு மேல் இல்லை. காரில் முன் பாதி எனக்கு, பின் பாதி அவர்களுக்கு. முன் சீட்டை அந்த வீட்டு ஆட்கள் தொட்டதே இல்லை. இப்படித்தான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஐயாவின் சம்சாரத்தைத்தான் அம்மா என்கிறேன். அவர் எனக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வருவார். கையில் தரமாட்டார், மட்கார்டின்மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். ஆனால் நான் பிரித்துச் சாப்பிடுகிறேனா என்று தூரத்தில் நின்று பார்ப்பார். அவரும் அந்த வீட்டுக்காரர்தான். ஆனாலும் அந்த வீட்டில் என் வயிற்றை நினைத்தவர் அவர் ஒருவர்.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. பாதம் இரண்டும் மதமதப்பாக இருக்கிறது என்பார். தொட்டால் கிணற்றடிக் கல் போல ஜில்லென்றிருக்கும் என்று வேலைக்காரப் பெண் சொல்லுவாள். வைத்தியம் பெங்களூரில். அந்த டாக்டர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். காலைக் குளிர விடக்கூடாது, காலில் காயம் பட விடக்கூடாது. நேரத்தில் போய்ச் சேர வேண்டுமென்றால் வெளுக்கும் முன்பே கிளம்ப வேண்டும். மார்கழி தை மாதத்தில் ஓசூர் ரோடு எப்படி இருக்குமென்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பனியில் மாட்டு வண்டியின் விளக்குகூட கிட்டே போனால்தான் தெரியும். பின் சீட்டில் அம்மா கம்பளிக்குள் காலை மடக்கி வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். இந்தக் காரில் சூடு போடுகிற பெட்டி ஒன்று இருக்கிறது என்று துரை சொன்னது ஐயாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சரிபண்ணு என்றார்.

ஓசூரில் ஒரு பாய் ஒர்க்ஷாப் வைத்திருந்தார். வாய் கொஞ்சம் அதிகம், கை சுத்தம். பெட்டியில் விசிறி சுற்றியது, காற்றும் வந்தது. சூடு மட்டும் இல்லை. பாய் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். இஞ்சின் தண்ணீர் சூடாகும்வரை அடைத்து வைக்கிற வால்வு ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கார் கைக்கு வந்தால் நம் பக்கத்து மெக்கானிக்குகள் முதல் வேலையாக அதைத்தான் பிடுங்கி எறிவார்கள். மேடு ஏறும்போது தண்ணீர் கொதித்துவிடும் என்ற பயம். இந்தக் காரிலும் எவனோ பிடுங்கிவிட்டிருந்தான். இஞ்சின் தண்ணீர்தான் பெட்டிக்குள்ளும் ஓடுகிறது. அது சூடேறாமல் காற்று மட்டும் எங்கிருந்து சூடாகும். பாய் பெங்களூரில் பழைய சாமான் கடையில் தேடி ஒரு வால்வு கொண்டுவந்து போட்டார். அடுத்த பயணத்தில் ராயக்கோட்டை தாண்டும்போதே என் காலில் சூடு வந்து விழுந்தது. வேப்பனெண்ணெய் தடவி அடுப்போரம் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பின் சீட்டில் ஐயா குனிந்து தரையில் கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை என்றார்.

அங்கே வராது. பெட்டி முன்னால் இருக்கிறது. துரை முன்னால் உட்கார்ந்து தானே ஓட்டினவன். அவன் காலுக்குச் செய்த பெட்டி அது. நடுவில் அந்த நீளச் சீட்டு அணைபோலக் குறுக்கே நின்றது. இதை நான் ஐயாவிடம் சொல்லவில்லை, பாய் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஐயாவும் அம்மாவும் பின் சீட்டில் இருக்க மறுபடியும் ஒர்க்ஷாப்புக்கே கொண்டுபோனேன். பாய் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "என்னா வண்டிப்பா இது. டிரைவருக்குக் காலு காயுது, மொதலாளிக்கு ஜில்லுங்குது. கம்யூனிஸ்ட்டு வண்டி" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு ஐயாவிடம் போய் மரியாதையாகச் சொன்னார். வண்டியில் பழுது இல்லை, அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்தால் போதும் என்று.

வீட்டுப் பெண்பிள்ளை டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனால் ஊர் பார்க்கும் என்றார் ஐயா. பாய் விடவில்லை. கியர் கம்பி ஸ்டீரிங்கிலேயே இருக்கிறது, சீட்டு ஒரே பெஞ்சு, மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், அம்மா கதவோரம், நீங்கள் நடுவில் என்றார். ஐயா அந்தச் சீட்டைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பார்த்தார். ஊர் பார்ப்பது ஒன்றும் பிரச்சினை இல்லை என்று எனக்கு அப்போது விளங்கியது. பின் கதவு திறந்தே இருந்தது. அம்மாவிடம் குனிந்து ஊர் என்ன பேசும் என்று தெலுங்கில் தணிவாகச் சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியும் என்று அவருக்கும் தெரியும். அம்மா தமிழிலேயே பதில் சொன்னார்.

"காலு என்னுதா, ஊருதா?"

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. வாதாடிப் பழக்கமில்லை.

அன்று சாயங்காலம் நான் ஐயாவிடம் போய், வேறு ஆளை வைத்து ஓட்டுங்கள், உங்கள் ஆட்களிலேயே யாராவது ஒருவருக்கு நான் பழக்கிவிடுகிறேன், அம்மா முன்னால் உட்காரட்டும் என்றேன். பிழைப்பு போகும் என்று தெரிந்துதான் சொன்னேன். ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன்னாட்டம் எவன்டா ஓட்டுவான்" என்றார். என் கை வேண்டும். தோள் ஆகாது.

சீட்டுக்கு அடியில் குழாய் போட்டு, சூட்டைப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் சுருட்டிப் பாய் ஒரு குழாய் செய்தார். போகப் போகக் காற்று ஆறிப்போய், பின்னால் வரும்போது மூச்சுக்காற்று அளவுதான் இருந்தது. சாக்கைச் சுற்றி இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றார் பாய். அதற்குள் அது நடந்தது. மதுவிலக்குக் காலம். எல்லை ஊரான ஜூஜுவாடிக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம், கடை திறந்திருக்கும். இந்தப் பக்கம் சொட்டு கிடையாது. திரும்பி வரும்போது செக்போஸ்ட்டில் காரைச் சோதித்த போலீஸ்காரர் குழாயைக் கண்டுவிட்டார். தடியால் தட்டிப் பார்த்து, "எத்தினி பாட்டில் புடிக்குங்க இது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற லாரிக்காரர்கள் சிரித்தார்கள். ஐயா முகம் கறுத்துவிட்டது. அங்கேயே அந்தக் குழாயைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கி ரோட்டோரப் பள்ளத்தில் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் செங்கல். புறப்படும்போது வேலைக்காரப் பெண் அடுப்பில் காய்ந்த செங்கல்லைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அம்மாவின் காலடியில் வைப்பாள். ஐயாவுக்கு நிம்மதி. ஒரு நாள் வழியில் அம்மா கேட்டார். "டிரைவரு, உனக்கு அங்க சூடு வருதா?"

"வருதுங்கம்மா."

"நல்லா இருக்குதா?"

நான் கியரை மாற்றினேன். "இருக்கட்டும். யாருதாவது ஒரு காலு காஞ்சா சரி" என்று சிரித்தார். நான் குனிந்து பெட்டியின் கதவை மூடிவிட்டேன்.

பிறகு ஒரு பனிநாள். அத்திப்பள்ளியைத் தாண்டும்போது கருகல் வாடை வந்தது. ஒயர்தான் தீய்கிறது என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தேன். அங்கே ஒன்றுமில்லை. வாடை உள்ளேயிருந்து வந்தது. அம்மா, உங்கள் காலைப் பாருங்கள் என்றேன். அவர் கம்பளியை விலக்கினார். சாக்கு கருகி ஓட்டையாகியிருந்தது. வலது பாதம் கல்லின்மேலேயே இருந்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்றார். பயப்படவில்லை, அழவில்லை. யாரோ சொன்ன செய்தியைக் கேட்பதுபோலத் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மதமதத்த கால் எப்போதும் ஜில்லென்றே இருக்கும், சுட்டாலும் தெரியாது என்பது எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. குளிர விடாதே என்றதைக் காப்பாற்றினோம். காயம் படவிடாதே என்றது போய்விட்டது.

புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். முதலில் விரல்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே முழுவதும். வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சொன்ன அன்று, காலை நீட்டிப் படுத்தபடிதான் போகவேண்டும் என்றார்கள். பின் சீட்டு முழுவதும் அம்மாவுக்கே சரியாக இருந்தது. ஐயாவுக்கு அங்கே இடமில்லை. வெளியில் கொஞ்ச நேரம் நின்றார். ஆஸ்பத்திரி ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முன் கதவைத் தானே திறந்து ஏறினார். தோளில் இருந்த துண்டை மடித்து எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார்.

பெங்களூரைத் தாண்டியதும் குளிர் ஏறியது. ஐயா வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இதுதானா அந்தப் பெட்டி என்றார். ஆமாம் என்றேன். திற என்றார். திறந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் அதன் எதிரில் நீட்டினார். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்.

"நல்லாத்தான் வருது."

கண்ணாடியில் பார்த்தேன். அம்மா தூங்கவில்லை.

சித்திரை பிறக்கும் முன்பே அம்மா போய்விட்டார். காரியம் முடிந்ததும் நான் சாவியைக் கொடுத்துவிட்டு லாரிக்குப் போனேன். பழைய கதைதானே என்கிறார்கள். ஐயா கெட்டவர் இல்லை என்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். பெண்டாட்டி காலுக்காக எவ்வளவோ செலவு செய்தார். ஒரு சாண் நகர்ந்து உட்கார மட்டும் அவரால் முடியவில்லை.

இப்போது ஓசூரில் ஃபாக்டரிக்குப் போகிற என் பேரனிடம் கார் இருக்கிறது. போன மார்கழியில் குடும்பமாகப் போனோம். நான் முன்னால், மருமகள் பின்னால். பேரன் ஒரு குமிழைத் திருப்பினான். காலில் சூடு விழுந்தது. பின்னால் போகுமா என்று கேட்டேன். அதுக்குத் தனியா வழி இருக்குது தாத்தா, தானா போகும் என்றான். நான் நம்பவில்லை. உடம்பைத் திருப்பி, சீட்டுக்குப் பின்னால் தரைவரைக்கும் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். மருமகள் பயந்து, என்ன மாமா, ஏதாவது விழுந்துடுச்சா என்றாள்.

ஒன்றும் விழவில்லை. சூடு வந்துகொண்டிருந்தது.